காணாமல் போன இரண்டு கிலோமீட்டர்

அந்த மெக்கானிக்கின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது அவருக்கு வாசித்துக் காட்டுவார்கள். அவர் உடனே எனக்குப் போன் போட்டு, "டாக்டரம்மா, நாலு தப்புதான் எழுதியிருக்கறீங்க, இன்னும் ரெண்டு உட்டுப்போச்சுங்க" என்பார். தான் செய்த தப்புகளை யாராவது குறைத்துச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது.

நான் மாட்டு டாக்டர். பென்னாகரத்தில் குடியிருந்துகொண்டு, ஒகேனக்கல் போகிற வழியில் ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். இப்போது மாற்றலாகிக் கடலோரம் வந்துவிட்டேன். இங்கேயும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். நல்லவர்கள்தான். ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அவரை முதலில் பார்த்தது வண்டி விஷயமாக இல்லை, ஆட்டு விஷயமாக. ஒரு நாள் காலையில் வயிறு உப்பிப்போன வெள்ளாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கட்டையான ஆள், ஐம்பது வயதிருக்கும். சட்டையில் கிரீஸ் படாத இடம் காலர் மட்டும்தான். "என்ன தின்னுச்சு?" என்று நான் கேட்டால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் ஒரே பதில்தான். ஒன்றுமில்லை, எப்போதும்போலப் புல்தான். மாடு சாகக் கிடந்தாலும் புல்தான். அரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தால்தான் கல்யாண வீட்டுச் சோறு வெளியே வரும். இவர் ஆட்டைக் கீழே இறக்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"நான்தாங்க காரணம். ராகி மூட்டைய வாய் கட்டாம உட்டுட்டேன். ரெண்டு படி தின்னுருக்கும். அதோட சும்மா இருந்தனா, வயிறு எறங்கட்டும்னு கலர் சோடா வாங்கி ஊத்துனேன். அதுவும் தப்புதானுங்களே?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வியாதியைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆடு பிழைத்தது. இப்படிப் பத்து பேர் வந்தால் மத்தியானச் சாப்பாட்டை மத்தியானமே சாப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

தப்பை ஒப்புக்கொள்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு, தரையைப் பார்த்து, வேறு வழியில்லாமல் சொல்வார்கள். இவர் அப்படி இல்லை. "தப்பு நம்மளுதுங்க" என்று நெஞ்சை நிமிர்த்தி, முகமெல்லாம் பல்லாகச் சொல்வார். மகளுக்கு அரசாங்க வேலை கிடைத்த செய்தியைத்தான் மற்றவர்கள் அந்த முகத்தோடு சொல்லிப் பார்த்திருக்கிறேன். யாரும் கேட்காமலே சொல்வார். ஒரு தடவை பழுது பார்த்துக் கொடுத்த வண்டியின் பானட்டுக்குள் ஸ்பேனரை மறந்து விட்டுவிட்டார். வண்டிக்காரர் மொரப்பூரில் ரயில் ஏறப் போயிருக்கிறார் என்று தெரிந்ததும், இரண்டு பஸ் மாறிப் போய், ஸ்டேஷனில் ரயில் ஜன்னலைத் தட்டி அவரிடம் சொல்லிவிட்டு வந்தார். அந்த மனிதர் பாவம், அவ்வளவு நேரமும் நிம்மதியாக இருந்தவர், வேலூர் போய்ச் சேரும்வரைக்கும் ஸ்பேனரைப் பற்றியே யோசித்துக்கொண்டு போயிருப்பார்.

அவர் வேதக்காரர், கத்தோலிக்கக் கிறிஸ்தவர். அவர்கள் கோயில் திருவிழாவில் தேருக்கு ஜெனரேட்டர் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஒரு வருடம் தேர் பாதித் தெரு வந்ததும் விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. ஜனங்கள் ஜெனரேட்டரை வாடகைக்குக் கொடுத்தவனைத் திட்ட ஆரம்பித்தார்கள். இவர் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டார். அதோடு போயிருக்கலாம். ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தவரிடமிருந்து மைக்கை வாங்கி, டீசல் குழாயைத் திறந்துவிட மறந்தது தான்தான் என்றும், வாடகைக்காரரை யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றும் அறிவித்துவிட்டார். மற்றவர்களைப் பாவசங்கீர்த்தனத்துக்கு உட்கார வைத்து, செய்த பாவத்தைச் சொல்ல வாயைத் திறக்க வைப்பதற்குள் தனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது, இந்த ஆள் மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார் என்று பங்குச் சாமியார் சிரித்தாராம்.

இதை எனக்குச் சொன்னது அவருடைய மனைவி. பட்டறையில் அவருக்கு உதவியாள் என்று யாரும் கிடையாது. அந்த அக்காதான் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, அவர் கையை நீட்டினால் பார்க்காமலே சரியான ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பார். அக்காவுக்கு மட்டும் இந்தத் தப்பு விவகாரம் பிடிக்கவே பிடிக்காது.

"இவரு வாய மூடிக்கினு இருந்தா நாங்க இந்நேரம் மாடி வூடு கட்டியிருப்போம் டாக்டர்" என்பார்.

அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புதிதாக ஒரு பட்டறை வந்திருந்தது. அதன் முதலாளி வாழ்க்கையில் ஒரு தப்புகூடச் செய்ததில்லை. அவர் பார்த்த வண்டி வழியில் நின்றுவிட்டால் பெட்ரோல் சரியில்லை என்பார். பெட்ரோல் சரியாக இருந்தால் ரோடு சரியில்லை. ரோடும் சரியாக இருந்தால், உங்கள் நேரம் சரியில்லை. ஜனங்களுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. தானே தப்புப் பண்ணுவேன் என்று சொல்கிற மெக்கானிக்கிடம் யார் வண்டியை விடுவார்கள்? கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். இவர் அதைப் பற்றி ஒன்றும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நான் கார் வாங்கினேன். வனத்துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வைத்திருந்த சின்ன பெட்ரோல் கார். பழசுதான். ஆனால் என் சம்பளத்தில் நானாக வாங்கிய முதல் பெரிய பொருள். அதுவரைக்கும் இரண்டு பஸ் மாறி, பிறகு யாராவது பைக்கில் வந்து அழைத்துப் போனால் மாட்டைப் பார்க்கிற நிலைமை. காட்டோரத்து ஊர்களில் இருந்து கன்று போட முடியாமல் மாடு தவிக்கிறது என்று போன் வரும். நான் போய்ச் சேர்வதற்குள் அழுகைச் சத்தம்தான் எதிரே வரும். கார் வந்த பிறகு அப்படி நடப்பது நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தால் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

அந்த மரியாதைக்கு உலை வைத்தது மைலேஜ். லிட்டருக்குப் பதினெட்டு கொடுக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். என் கணவர் கணக்கு வாத்தியார். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்துப் பதிமூன்றுதான் வருகிறது என்று சொல்லிவிட்டார். எட்டு மாதமும் பதிமூன்றுதான். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவர் சொன்ன விடை தப்பாகிப் பார்த்ததில்லை. தப்பானாலும் கேள்வி தப்பு என்று நிரூபித்துவிடுவார். ஐந்து கிலோமீட்டர் எங்கே போகிறது என்பதற்கும் அவரிடம் விடை இருந்தது.

"நீ கிளச்சு மேல கால வெச்சே ஓட்டற. வேற ஒண்ணுமில்ல."

நான் இல்லவே இல்லை என்று சாதித்தேன். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வைத்துத்தான் ஓட்டினேன். அந்த ரோட்டில் வளைவுக்கு வளைவு ஆடு நிற்கும். அதில் பாதி நான் ஊசி போட்ட ஆடு. எப்போது மிதிக்க வேண்டி வருமோ என்று இடது கால் கிளச் மேலேயே தவம் கிடக்கும். அது தப்பென்று டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுத்ததும் எனக்கு நினைவிருந்தது. ஆனால் அவர் அந்தக் குரலில் சொன்ன பிறகு எப்படி ஒப்புக்கொள்வது? ஒப்புக்கொண்டால், இவளுக்கு ஓட்டத் தெரியாது என்று ஆகிவிடும். ஓட்டத் தெரியாதவளுக்குக் கார் எதற்கு என்று அடுத்த வரி வரும். அந்த வரி எப்படியும் வந்தது. அவருடன் வேலை பார்க்கிற ஒருவர் கேட்கிறார், மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பார், நல்லபடியாகத் தள்ளிவிடலாம் என்றார். எனக்கு மறுபடி இரண்டு பஸ்.

நான் மெக்கானிக்கிடம் போய் நின்றேன். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன் என்னைக் கேள்வி கேட்டார். நான் ஆட்டுக்காரர்களைக் கேட்கிற மாதிரியே இருந்தது. எந்த ரோடு, எவ்வளவு தூரம், எத்தனை தடவை நிறுத்தி எடுக்கிறது. கடைசியில் சாதாரணமாக ஒன்று கேட்டார்.

"கிளச்சு மேல கால் இருக்குதுங்களா டாக்டரம்மா?"

"இல்ல" என்றேன். எப்போதும்போலப் புல்தான் என்று சொல்கிற அதே முகத்தை வைத்துக்கொண்டு.

அவர் உடனே தலையாட்டினார். டாக்டரம்மா சொல்லிவிட்டார், அப்படியென்றால் அது இல்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வேறு இடத்தில் தேட ஆரம்பித்தார். அவர் அவ்வளவு சுலபமாக நம்பியது எனக்குக் குத்தியது. குத்தினாலும் வாயைத் திறக்கவில்லை. பிளக் மாற்றினார், ஏர் ஃபில்டர் மாற்றினார், டயரில் காற்றுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பதிமூன்று. ஒவ்வொரு தடவையும் "நான் நெனச்சது தப்புங்க" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு அடுத்ததைத் திறந்தார்.

மாதத்தின் கடைசி வாரம் புதன்கிழமையோ வியாழக்கிழமையோ, ஆட்டுக்குக் குடற்புழு மருந்து வாங்க மருந்தகத்துக்கு வந்தார். நான் அப்போதுதான் வந்து வண்டியை நிறுத்தியிருந்தேன். பேசிக்கொண்டே பானட்டின் மேல் கையை வைத்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். எப்போது வந்தீர்கள் என்றார். இந்த நிமிடம்தான் என்றேன். பதினைந்து கிலோமீட்டர் ஓடி வந்த வண்டி இப்படிச் சில்லென்றா இருக்கும் என்று சாவியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். சூடு காட்டுகிற முள் அடியில் படுத்திருந்தது.

அது எப்போதும் அங்கேதான் இருக்கும், வண்டி சூடாகவே ஆகாது, ரொம்ப நல்ல வண்டி என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மாட்டுக்குக் காய்ச்ச இல்லன்னா நல்லதுதாங்க. ஒடம்பு சில்லுனு இருந்தா நீங்க என்ன சொல்லுவீங்க?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உடம்பு சில்லிட்ட மாட்டைப் பார்த்தால் காய்ச்சல் மாட்டைவிட எனக்குப் பயம் அதிகம். தீனி போய்க்கொண்டே இருக்கும், பால் இருக்காது. எட்டு மாதம் தினமும் அந்த முள்ளை என் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒரு டாக்டர் என்று பெயர்.

சனிக்கிழமை காலை வண்டி ராத்திரிப் பனியில் குளிர்ந்து கிடக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டார். என்ஜினில் இருந்து ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாயைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மாட்டின் காதைப் பிடித்துப் பார்ப்பீர்களே, அப்படிப் பிடியுங்கள் என்றார். இடையில் ஒரு சின்ன வால்வு இருக்கிறதாம். என்ஜின் நன்றாகச் சூடாகிறவரை தண்ணீரை வெளியே விடாமல் அது மூடி வைத்திருக்கும். சூடான பிறகுதான் திறக்கும். அதனால் குழாய் கொஞ்ச நேரம் சில்லென்று இருந்துவிட்டுப் பிறகு சட்டென்று சுட வேண்டும். ஸ்டார்ட் செய்தோம். குழாய் முதல் நிமிடத்தில் இருந்தே வெதுவெதுவென்று வர ஆரம்பித்தது. அதற்குமேல் ஏறவும் இல்லை.

"கதவு தொறந்தே கெடக்குதுங்க. என்ஜினு சூடாவறதுக்கு முன்னாடியே தண்ணி வெளிய போயி ஆறிக்கினு வருது. என்ஜினு இன்னும் குளுருதுன்னு நெனச்சுப் பெட்ரோலக் குடிச்சுக்கினே இருக்குது."

அதோடு நிற்கவில்லை. எங்கள் வீட்டு மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து ரேடியேட்டருக்கு முன்னால் செருகிக் காற்றை மறைத்தார். என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் இடது காலை ஜாக்கிரதையாகக் கீழே வைத்துக்கொண்டேன். பத்து நிமிடத்தில் முள் எழுந்து நடுவில் வந்து நின்றது. நான் அந்த முள்ளை அங்கே பார்த்ததே இல்லை. இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள்போலக் கைதட்டினோம். முன்னால் போன டவுன் பஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை வாங்க வந்தவர் வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். என் கணவர் அவருக்கு வண்டியின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். மைலேஜ் விஷயம் வந்தபோது, அது ஓட்டுகிறவர்களைப் பொறுத்தது என்று என் பக்கம் திரும்பாமலே சொன்னார். அப்போது மெக்கானிக் பூசை முடிந்த கையோடு, வெள்ளை வேட்டியிலேயே வந்துவிட்டார். அக்கா பின்னாலேயே ஸ்பேனர் பையோடு வந்தார். யாரையும் கேட்காமல் பானட்டைத் திறந்து, வால்வு இருக்கிற மூடியைக் கழற்றினார். நாங்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தோம். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் ஓட்டை.

"எந்த மடையன் இத எடுத்தான்?" என்றார் என் கணவர்.

எங்கள் பக்கத்தில் பழைய கார் வாங்கினால் முதலில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். அடுத்தது இந்த வால்வைப் பிடுங்கி எறிவார்கள். தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் என்ஜின் கொதித்து நின்றுவிடக் கூடாது என்று பயம். நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்பது எல்லாருக்கும் தெரிந்த ஞானம். வண்டிக்காரர்களே கேட்டு எடுக்கச் சொல்வார்கள், மெக்கானிக்குகள் கேட்காமலே எடுப்பார்கள். அதனால் எந்த மடையன் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.

மெக்கானிக் மூடிக்கு அடியில் ஒட்டியிருந்த அட்டையை நகத்தால் மெதுவாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கசியாமல் இருக்க மெக்கானிக்குகள் கெட்டி அட்டையை வெட்டி, கம் பூசி வைப்பார்கள். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரத்தில் தங்க எழுத்து மின்னியது. அரை எழுத்தும், ஒரு புறாவின் வாலும். எட்டிப் பார்த்த அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எங்க மச்சினன் மவ கல்யாணப் பத்திரிக்கைங்க சார். நாப்பது மிஞ்சிப் போச்சு. கெட்டி அட்டையா இருக்குதேன்னு பட்டறைக்கு நான்தான் எடுத்துக்கினு போனேன்." அவருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த மடையன் நான்தாங்க. பாரஸ்ட்டுக்காரர் வெச்சிருந்தப்ப நானே எடுத்துருக்கறேன். தப்பு நம்மளுதுங்க."

சிரித்த சிரிப்பில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வண்டி வாங்க வந்தவரும் சிரித்தார், அக்காவும் திட்டிக்கொண்டே சிரித்தார். என் கணவர் மட்டும் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நண்பரிடம் வண்டியைக் கொடுக்கிற எண்ணமில்லை என்று சொல்லி அனுப்பிவைத்தார். உள்ளே போகும்போது, என் முகத்தைப் பார்க்காமல், "நான் சொன்னதும் தப்புதான்" என்றார்.

ஒன்பது வருடத்தில் முதல் தடவை. அதை நான் ஒரு வாரம் மனதுக்குள் வைத்துக் கொண்டாடினேன். குழம்பில் உப்புப் போடும்போதுகூட அந்த வாக்கியம் காதில் கேட்டது.

மெக்கானிக் சேலத்தில் இருந்து புது வால்வு வாங்கி மாட்டினார். அதோடு ஒரு பிஸ்கட் டின்னையும் எடுத்து வைத்துக்கொண்டார். இத்தனை வருடங்களில் அவர் பிடுங்கிப் போட்ட வால்வுகள் அதில் நிறைய இருந்தன. யார் யார் வண்டியில் எடுத்தோம் என்று யோசித்து யோசித்து ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். அக்கா போனைப் பிடுங்கிப் பார்த்தார், முடியவில்லை. ஒருவர் கண்டபடி திட்டினார். சிலர் தொப்பூரை நினைத்துப் பயந்துகொண்டு வேண்டாம் என்றார்கள். ஆனால் பஸ் ஸ்டாண்டுப் பட்டறைக்குப் போய்விட்ட இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். தப்பை இந்த ஆளாவது சொல்கிறாரே என்றார்களாம்.

என் வண்டி பதினாறு கொடுத்தது. எனக்கு அது போதும். என் கணவருக்கும் போதும். மெக்கானிக்குக்குத்தான் போதவில்லை. பதினெட்டு கொடுக்க வேண்டிய வண்டி, வால்வு போட்டாயிற்று, மீதி இரண்டு கிலோமீட்டர் எங்கே? எங்கோ தான்தான் இன்னொரு தப்புச் செய்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு ஞாயிறு பெட்ரோல் குழாய் முழுக்கக் கசிவு பார்த்தார். ஒரு ஞாயிறு சைலன்சரைக் கழற்றினார். வால்வைத் திரும்ப வெளியே எடுத்து வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்த ஒவ்வொன்றும் அவர் முகத்தைச் சின்னதாக்கியது.

அந்த இரண்டு கிலோமீட்டர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் இடது காலுக்குக் கீழே இருந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் என் கணவர் வாயால் ஒன்பது வருடம் கழித்து வந்த வாக்கியத்தை நானே எப்படித் திருப்பிக் கொடுப்பேன்? அதோடு, மெக்கானிக் தப்புகளைத் தேடித் தலையில் போட்டுக்கொள்கிற ஆள்தானே, இன்னொன்று ஏறினால் என்ன என்றுகூட நினைத்தேன். எழுதும்போது இப்போது எனக்கே என்மேல் கோபம் வருகிறது.

நான்காவது ஞாயிறு என் கணவரும் பட்டறைக்கு வந்திருந்தார். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான்கு சக்கரங்களும் கழற்றிக் கிடந்தன. பிரேக் எங்காவது பிடிக்கிறதா என்று மெக்கானிக் வண்டிக்கடியில் படுத்திருந்தார். அக்கா என்னிடம், முன்பெல்லாம் பண்ணின தப்பைச் சொன்னார், இப்போது பண்ணாத தப்பைத் தேடிக்கொண்டு சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை என்றார். அப்போது அடியில் இருந்து அவர் குரல் வந்தது. அதில் சிரிப்பு இல்லை. அந்தக் குரலில் சிரிப்பில்லாமல் நான் கேட்டதே இல்லை.

"சார், வண்டிய அந்தப் பஸ் ஸ்டாண்டுப் பட்டறைக்கே கொண்டு போயிருங்க. எனக்குப் புடிபடல. எனக்கு அவ்ளோதான் வேல தெரியும் போலருக்குது."

 நான் வண்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"வெளிய வாங்க. உங்க தப்பு ஒண்ணுமில்ல. கிளச்சு மேல கால வெச்சுத்தான் ஓட்டறேன். முதல்ல இருந்தே. நீங்க கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்."

பெஞ்சில் பேப்பர் சரசரக்கிற சத்தம் நின்றது.  மெக்கானிக் முதுகால் தேய்த்துக்கொண்டே வெளியே வந்து, தரையில் உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நான்கு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தரையில் உருள விட்டிருக்கிறேன், திட்ட வேண்டியதுதான். அவர் முகம் மெல்ல மெல்ல விரிந்து பழையபடி பல்லானது.

"அப்பாடா" என்றார். "கெடச்சுருச்சுங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்ததும் எனக்கும் வந்துவிட்டது. சிரிப்பை அடக்கவே முடியவில்லை. இத்தனை மாதமாக நெஞ்சுக்குள் இருந்த ஒன்று இறங்கிப் போனதும்தான் இந்த மனிதர் ஏன் ஒவ்வொரு தடவையும் அப்படிச் சிரிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. இவ்வளவு சுகமான காரியத்தை வைத்துக்கொண்டு ஊரில் எல்லாரும் ஏன் இப்படி முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறோம்?

என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். எதிர்பார்த்த கேள்விதான்.

"அப்ப நான் மொதல்ல சொன்னதுதானே சரி?"

நான் வாயைத் திறப்பதற்குள் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். "சார், கணக்கு வாத்தியாருங்க நீங்க. காணாமப் போனது அஞ்சு. நீங்க சொன்னது ரெண்டுக்குச் சரிங்க. மூணு என்னுது. அத யாருக்கும் குடுக்க மாட்டேன்."

என் கணவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவரும் சிரித்துவிட்டார்.

சக்கரங்களை மாட்டி முடித்ததும் நான்தான் ஓட்டிக்கொண்டு வந்தேன். இடது காலைக் கிளச்சில் இருந்து எடுத்துத் தரையில் ஊன்றிக்கொண்டேன். வீடு வரும்வரை என் கணவர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.